ரேவாப்பா வாங்காத மிஷின்

ரேவாப்பா திவட்டேயை அடக்கம் செய்த ஒன்பதாம் நாள், திவட்டே டெய்ரியின் ஐம்பதாண்டு வரலாறு அச்சுக்குப் போகும் முன் பிழை பார்ப்பதற்காக அவர் மகள் நீலாம்பிகாவின் மேசைக்கு வந்தது. அறுபத்து நான்கு பக்கம். பெரியப்பா மகன் விருபாட்சன், இப்போது கம்பெனியை நடத்துபவன், ஆய்வுக்கூட வாசலிலேயே நின்றான்.

"அக்கா, இந்த நேரத்துல கேக்கக் கூடாதுதான். ஆனா நீ பாக்காம போனா எந்த எண்ணு எங்க போய் உக்காரும்னு தெரியாது. நாளைக்கு நாலு மணிக்குள்ள குடுத்தாப் போதும்."

"வெச்சுட்டுப் போ."

சிவப்புப் பேனாவை எடுத்தாள். முப்பத்திரண்டு வருடமாக அந்த ஆய்வுக்கூடத்தில் அவள் செய்வது அதுதான். முதல் முப்பது பக்கத்தில் ஐந்து தவறு கிடைத்தது. முதல் நாள் கொள்முதல் 430 லிட்டர் இல்லை, 340. கொதிகலனின் அளவு தப்பு. குளிர் அறை கட்டிய வருடம் தப்பு. முப்பத்தோராம் பக்கத்தில் பேனா நின்றது.

'1992 தசரா நன்னாளில், திரு. ரேவாப்பா திவட்டே அவர்களின் தொலைநோக்கால், 150 கிலோ அழுத்தத்தில் இயங்கும் ஹோமோஜினைசர் நமது ஆலையில் நிறுவப்பட்டது.'

அழுத்தம் 200 கிலோ. அதைத் திருத்தினாள். வருடம் சரி, நாள் சரி. மிச்சம் இருந்தது அவர் பெயர்.

அந்த மிஷினை அவர் வாங்கவில்லை. வாங்கச் சொல்லவும் இல்லை. அதன் பெயர் அவர் வாயில் கடைசிவரை நுழையவில்லை. 'நசுக்குற மிஷின்' என்பார். வாங்க வைத்தவள் நீலாம்பிகா. அது தெரிந்தவர்கள் இரண்டே பேர். இப்போது ஒருத்தி.

ரேவாப்பா பிறந்தபோது திவட்டே குடும்பத்துக்கு டெய்ரி கிடையாது. பதினோரு எருமை இருந்தது. சாயங்காலம் ஆனால் அவற்றைக் கோலாப்பூரின் கங்காவேஸ் முச்சந்திக்கு ஓட்டி வருவார்கள். மல்யுத்தக் கூடத்துப் பையன்கள் உடம்பில் செம்மண்ணோடு வந்து நிற்பார்கள். குமாஸ்தாக்கள் சைக்கிளை ஸ்டாண்டு போடாமல் ஒற்றைக் காலில் தாங்கி நிற்பார்கள். கேட்டவனுக்குக் கேட்ட இடத்தில், தம்ளரிலேயே கறந்து கொடுப்பது வழக்கம். நுரை மீசையில் ஒட்டும். தண்ணீர் கலந்ததா என்று அந்த முச்சந்தியில் யாரும் கேட்டதில்லை. மடியும் தம்ளரும் வாங்குகிறவன் கண்ணுக்கு முன்னால் இருந்தன.

பன்னிரண்டு வயதில் எருமைக்கு அடியில் குந்தியவர் முப்பத்து மூன்று வயதுவரை எழுந்திருக்கவில்லை. கட்டைவிரலை மடக்கிக் கறப்பவர். இரண்டு கட்டைவிரல் முட்டியிலும் புளியங்கொட்டை அளவுக்குக் காய்ப்பு இருந்தது. பேனா பிடித்தால் அது இடறும். அதனால் கையெழுத்து மட்டும்தான் போடுவார்.

அண்ணன் குருலிங்கப்பா மெட்ரிக் படித்தவர். ஊர் பெருத்துக்கொண்டே போனது, பதினோரு எருமை போதவில்லை. 1974-ல் பன்ஹாளா சாலையில் இடம் பிடித்து, நாற்பது கிராமத்துப் பாலைக் கேனில் கொண்டுவந்து காய்ச்சிப் பையில் அடைத்து விற்கத் தொடங்கினார். அண்ணன் தலைவர். தம்பி காகிதத்தில் இயக்குநர், வேலையில் கேன் இறங்கும் மேடை. மூடியைத் திறப்பார், முகர்வார். "ஏத்து" அல்லது "திருப்பு." இயக்குநர் அறையில் அவருக்கென்று போட்ட நாற்காலியில் வவுச்சர் கட்டுகள்தான் உட்கார்ந்திருந்தன.

முச்சந்திக்கு மட்டும் இரண்டு எருமையை விடாமல் வைத்துக்கொண்டார். அண்ணனுக்கு அது பிடிக்காது.

"பெரிய டெய்ரிக்காரன் தம்பி நடுரோட்டுல பீச்சிக்கிட்டு உக்காந்திருக்கான்."

"கண்ணு முன்னாடி கறக்கறதை விட்டுட்டா, நீ பையில அடைக்கறதை எவன் நம்புவான் அண்ணா?"

ரேவாப்பாவுக்கு என்று ஒரே ஒரு ஆடம்பரம் இருந்தது. தீபாவளிக்கு மறுநாள், பாட்வா அன்று, ராஜ்தூத் மோட்டார் சைக்கிளின் சைலன்சரைக் கழற்றிவிட்டு ஆற்றங்கரைச் சாலையில் ஓட்டுவார். கொம்புக்கு வண்ணம் அடித்து, நெற்றியில் சோழிப்பட்டம் கட்டிய பிஜ்லி என்ற எருமை அந்தச் சத்தத்தின் பின்னால் வாலைத் தூக்கிக்கொண்டு பாய்ந்து வரும். ஊரில் எருமை வைத்திருப்பவன் எல்லாம் அன்று ஓட்டுவான். பிஜ்லி மட்டும் நூறு வண்டியில் இவர் வண்டிச் சத்தத்தைப் பிரித்தெடுக்கும்.

நீலாம்பிகா ஒரே பிள்ளை. ஆனந்த் நகரத்தில் நான்கு வருடம் பால் தொழில்நுட்பம் படித்துவிட்டு 1991-ல் வந்தாள். பெரியப்பாவுக்கு அவள் படித்ததில் ஆட்சேபம் இல்லை. டெய்ரிக்குள் வந்ததில்தான்.

"நாலு வருஷம் படிச்சுட்டா. போதும். சோலாப்பூர்ல நல்ல இடம் வந்திருக்கு. முடிச்சுடு ரேவா."

"ஒரு வருஷம் இருக்கட்டும் அண்ணா. படிச்சதைச் செஞ்சு பாக்கட்டும்."

"ஒரு வருஷம். அதுக்குள்ள ஏதாவது கோளாறு பண்ணினா நான் கேக்க மாட்டேன். சோலாப்பூர்தான்."

அந்த வருடத்துக்குள்தான் அவள் ஹோமோஜினைசருக்கு நான்கு பக்கக் குறிப்பு எழுதினாள். காரணம் நியாயமானது. கொழுத்த எருமைப் பால், கொஞ்ச நேரம் நின்றாலே ஏடு மேலே போய்விடும். தொட்டியின் மேல் பாலுக்கு ஒரு கொழுப்பு, அடிப் பாலுக்கு வேறு கொழுப்பு. பையின் உள்சுவரிலும் ஒட்டும். கொழுப்பு உருண்டைகளை அழுத்தத்தில் உடைத்துச் சின்னதாக்கிவிட்டால் மேலே மிதக்காது, எல்லாப் பையும் ஒரே மாதிரி இருக்கும்.

குறிப்பைப் படிக்கத் தெரியாதவர் போல ரேவாப்பா திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பால்ல என்ன மாறும், நீலு?"

"ஒண்ணும் மாறாதுப்பா. அதே பால், அதே கொழுப்பு."

"அதேதான்னா சரி."

அவரே அண்ணன் மேசையில் கொண்டுபோய் வைத்தார். தம்பி கொண்டுவந்த காகிதம் என்று குருலிங்கப்பா படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

புது மிஷினைத் தசராவுக்குத்தான் ஓட்டுவது என்று அந்த ஊரில் எழுதப்படாத சட்டம். சாமந்திச் சரம் சுற்றி, தேங்காய் உடைத்து, பொத்தானை அமுக்கினார்கள். தசரா நல்ல நாள்தான். ஆனால் தசராவுக்கும் தீபாவளிக்கும் நடுவில் இருபது நாள். அந்த இருபது நாளும் கோலாப்பூரில் ஒவ்வொரு வீட்டிலும் காய்ச்சிய பாலின் ஏட்டைத் தினமும் வழித்துச் சட்டியில் சேர்ப்பார்கள். அதைக் கடைந்து உருக்கிய நெய்யில்தான் தீபாவளி லட்டு.

ஹோமோஜினைஸ் செய்த பாலில் ஏடு கட்டாது.

இது நீலாம்பிகாவின் பாடப் புத்தகத்தில் ஒரு வரியாக இருந்தது, ஒரு நன்மையாக. நெய்ச்சட்டியைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. வீட்டிலாவது தெரிந்திருக்க வேண்டும். ஆனால் திவட்டே வீட்டில் யாரும் திவட்டே பாக்கெட் வாங்குவதில்லை. கொல்லையில் எருமை நிற்கும்போது பாக்கெட் எதற்கு? ஊரே குடிக்கப்போகும் பாலை ஒருமுறை தங்கள் அடுப்பில் காய்ச்சிப் பார்க்க அந்தக் குடும்பத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

நான்காம் நாள் நாற்பது பாக்கெட் திரும்பி வந்தது. ஏழாம் நாள் அறுநூறு. 'திவட்டே க்ரீமை உருவிட்டான்' என்ற பேச்சு பூத் பூத்தாகப் பரவியது. நீலாம்பிகா கொழுப்பு அளவை எழுதி எல்லா பூத்திலும் ஒட்ட வைத்தாள். ஆறு சதவீதம், கையெழுத்து, தேதி. அந்தக் காகிதத்தில் ஒருத்தர் வடை மடித்துக்கொண்டு போனார்.

"எழுதி ஒட்டினா நம்ப மாட்டாங்க. முன்னாடி செஞ்சு காட்டணும். உன் கண்ணாடிக் குழாயை எடுத்துக்கிட்டு வா," என்றார் ரேவாப்பா.

மறுநாள் சாயங்காலம் கங்காவேஸ் முச்சந்தியில், அவர் வழக்கமாக எருமை கட்டும் இடத்தில், மேசை போட்டார்கள். கையால் சுற்றும் கொழுப்புச் சோதனை இயந்திரம், அமிலம், கழுத்தில் கோடு போட்ட கண்ணாடிக் குழாய்கள். பாலை அவர்கள் கொண்டுவரவில்லை. கூட்டத்தில் இருந்தவர்கள் கையில் இருந்த பாக்கெட்டையே வாங்கிக்கொண்டாள். அமிலம் பட்டதும் பால் காபி நிறமானது.

"அடப் பாவி, கருகிப் போச்சே!" என்றான் ஒரு மல்யுத்தப் பையன்.

"உன்னைப் போட்டாலும் அப்படித்தான் ஆகும், தள்ளி நில்லு," என்றார் ரேவாப்பா. கூட்டம் சிரித்தது.

ஐந்து நிமிடம் சுற்றினால் சாதாரணப் பாலுக்குப் போதும். உருண்டை சிறுத்துப்போன பாலுக்குப் போதாது. இரண்டாம் முறை, மூன்றாம் முறை சுற்றினார். கைப்பிடியில் அந்தக் காய்ப்பு விழுந்த முட்டிகள் வெளுத்துத் தெரிந்தன. குழாயை எடுத்து நீலாம்பிகா உயர்த்திக் காட்டினாள். மஞ்சள் கொழுப்பு, ஆறாவது கோட்டில்.

பையன்கள் கை தட்டினார்கள். குமாஸ்தாக்கள் எட்டிப் பார்த்துத் தலையாட்டினார்கள். அப்போது, ஊரே காக்கூ, அதாவது சித்தி, என்று கூப்பிடும் மானே காக்கூ முன்னால் வந்தாள். முப்பத்தைந்து வருட வாடிக்கை. ரேவாப்பா பையனாக இருந்தபோதிருந்து அவர் கையால் பால் வாங்கியவள்.

"உள்ள இருக்குன்னு ஒத்துக்கறேன் ரேவா. திருடலை நீ. இப்ப அதை வெளிய எடுத்துக் குடு."

"காக்கூ, அது வந்து..."

"வெள்ளிக்கிழமை நெய் காய்ச்சணும். இந்தக் குழாயைக் கொண்டுபோய் என் மருமக கைல குடுத்து, இந்தாடி, இதுல லட்டு பிடின்னு சொல்லட்டுமா?"

சிரிப்பு முச்சந்தி முழுக்கப் போனது. எருமை கட்டிய பக்கத்திலிருந்து யாரோ விசில் அடித்தார்கள்.

"பொண்ணு படிச்சிருக்கா, தெரியுது," என்று மானே காக்கூ நீலாம்பிகாவைப் பார்த்துச் சொன்னாள். குரலில் கோபமே இல்லை. "அடுப்பங்கரைப் பக்கம் போனியாம்மா ஒரு தடவையாவது?"

நீலாம்பிகா குழாய்களைத் தட்டில் அடுக்கினாள்.

மறுநாள் காலை குருலிங்கப்பா இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். அன்று திரும்பி வந்தது ஆயிரத்து நூறு.

"முச்சந்தியில கூத்து வேற கட்டினீங்களாமே. மிஷினை இப்பவே நிறுத்துங்க. தீபாவளி முடிஞ்சதும் பழைய இரும்புக்குப் போடு. இப்ப சொல்லு. யார் சொல்லி வந்துச்சு இது?"

நீலாம்பிகா வாயைத் திறந்தாள். அதற்குள் அப்பா பேசிவிட்டார்.

"நான்தான் கேட்டேன்."

"நீயா?"

"பூனாவுல ஒரு டெய்ரில ஓடறதைப் பாத்தேன். பளபளன்னு இருந்துச்சு. ஆசைப்பட்டுட்டேன்."

"இவ என்ன பண்ணிக்கிட்டிருந்தா? இதுக்குத்தானே படிச்சா?"

"அவ வேண்டாம்னுதான் சொன்னா. நம்ம ஊருக்கு ஆகாதுன்னா. நான் கேக்கலை."

ரேவாப்பா பூனாவுக்குப் போனதே இல்லை. மேசைமேல் இரண்டு கையையும் வைத்திருந்தார். நீலாம்பிகா பக்கம் திரும்பவே இல்லை. அவளுக்கு இருபத்து நான்கு வயது. சோலாப்பூர் கண்முன்னால் நின்றது. வாயை மூடிக்கொண்டாள்.

குருலிங்கப்பா நாற்காலியில் சாய்ந்தார்.

"அப்ப குடும்பத்துல மூளை இருக்கறது இவளுக்குத்தான். இனிமே இவ சொல்லாம ஒரு போல்ட் வாங்கக் கூடாது, புரிஞ்சுதா? நீ போய் உன் மூடியைத் தொறந்து மோந்து பாரு."

"சரி அண்ணா."

வெளியே வந்ததும் அவள், "ஏம்ப்பா?" என்றாள்.

"நாலாம் நம்பர் கேன் வண்டி வந்திருக்கும். வெயில்ல நிக்குது," என்று சொல்லிவிட்டு நடந்தார்.

பெயர் ஒட்டிக்கொண்டது. 'ரேவாப்பா மிஷின்' என்றால் வீண் செலவு என்று டெய்ரியில் அர்த்தம் ஆயிற்று. டிரைவர்கள், பூத்காரர்கள் எல்லாரும் சொன்னார்கள். பாட்வா அன்று பிஜ்லியோடு ஆற்றங்கரைக்குப் போனபோது எதிரே வந்த ஒருவன் கத்தினான்.

"ரேவா அண்ணா, பிஜ்லியையும் மிஷின்ல விட்டு நசுக்கிட்டீங்களா? இளைச்ச மாதிரி இருக்கே!"

"உன் எருமையை அனுப்பு, கன்னுக்குட்டியாக்கித் தரேன்," என்று வண்டியை முறுக்கினார். பிஜ்லி பாய்ந்தது. சாலையோரத்தில் நின்ற நீலாம்பிகாவால் அன்று அதைப் பார்க்க முடியவில்லை.

தீபாவளி முடிந்து மிஷின் பழைய இரும்புக்குப் போக இருந்த வாரத்தில், முச்சந்தி டீக்கடை தஸ்தகீர் நதாஃப் ரேவாப்பாவைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணா, பாலை என்ன பண்ணினீங்க?"

"பழையபடி ஆக்கியாச்சுப்பா. இனிமே ஏடு வரும். விடு."

"ஏடு எவன் கேட்டான்? டீல மிதந்தா ஊதி ஊதித் தள்ளிட்டு என்னைத் திட்டறான். நடுவுல வந்துச்சே ஒரு பாலு, அதைக் குடுங்க. கொஞ்சம் ஊத்தினாலே நல்ல நிறம் வருது. லிட்டருக்கு நாலு டீ கூட நிக்குது. நான் மட்டும் இல்ல, ஸ்டேஷன் ரோடு முழுக்க அதைத்தான் தேடறாங்க."

ரேவாப்பா கையில் இருந்த டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு நேராக ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். அதற்கு முன் அவர் அந்த வாசப்படியைத் தாண்டி உள்ளே வந்ததில்லை.

"நீலு, நசுக்கின பாலு டீக்கு நல்லதாமே. நெசமா?"

அவள் யோசித்தாள். "நெசந்தான்ப்பா. சின்ன உருண்டை நெறைய இருந்தா வெளுப்பு கூடும். டீ கெட்டியாத் தெரியும்."

"இதை ஏன் முன்னாடியே சொல்லலை?"

"நீங்க கேட்டது பால்ல என்ன மாறும்னு. டீல என்ன மாறும்னு கேக்கலையே."

அவர் அவளை உற்றுப் பார்த்தார். பிறகு சிரித்தார். இரண்டு பேரும் அந்த மாதத்தில் முதல்முறையாகச் சிரித்தார்கள்.

"நாளைக்கு நூறு லிட்டர் நசுக்கு. தனிப் பை. வீட்டுக்காரங்க கைல தப்பித் தவறிக்கூடப் போகக் கூடாது. மானே காக்கூ என்னைக் கொன்னுடுவா."

வீடுகளுக்கு நீலப் பை, டீக்கடைகளுக்குப் பச்சைப் பை. அடுத்த தசராவில் டெய்ரியின் மூன்றில் ஒரு பங்கு பச்சை. மிஷின் பழைய இரும்புக்குப் போகவில்லை. சோலாப்பூர் மாப்பிள்ளைக்கு வேறு இடத்தில் முடிந்தது. பின்னால் நீலாம்பிகா உள்ளூர் ஆசிரியர் ஒருவரைக் கட்டிக்கொண்டு, ஆய்வுக்கூடத்தை விடாமல் இருந்தாள்.

பழி ஒட்டிய இடத்திலேயே புகழும் வந்து ஒட்டியது. 'ரேவாப்பா மிஷின்' என்பதற்கு அர்த்தம் மாறிவிட்டது. குருலிங்கப்பா வந்தவர் போனவரிடம் எல்லாம் சொன்னார்: "நாங்க எல்லாம் திட்டினோம். என் தம்பிக்கு அன்னிக்கே தெரிஞ்சிருக்கு."

1999-ல் இருபத்தைந்தாம் ஆண்டு விழா. பொன்னாடை போர்த்தினார்கள். ரேவாப்பா தானாகப் போய் மைக்கைப் பிடித்தார். வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

"அந்த மிஷின் நான் வாங்கினது இல்ல. என் பொண்ணு..."

கைத்தட்டலில் மீதி கேட்கவில்லை. அண்ணன் மைக்கை வாங்கிக்கொண்டார். "பாத்தீங்களா? பேரைக்கூடப் புள்ளைக்குத் தூக்கிக் குடுக்கற மனசு!" இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

வீட்டுக்குப் போகும்போது ராஜ்தூத்தின் பின்னால் உட்கார்ந்திருந்த மகளிடம் சொன்னார்.

"பழியை எடுத்துக்கிட்டப்ப ஒருத்தனும் சந்தேகப்படலை. பேரைத் திருப்பிக் குடுத்தா ஒருத்தனும் வாங்க மாட்டேங்கறான்."

"நான் எழுந்து சொல்லட்டுமாப்பா?"

"என்னன்னு? எங்கப்பன் அண்ணன்கிட்ட பொய் சொன்னான்னா?" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "அவருக்கு வயசாச்சு. தம்பி பொய் சொல்ல மாட்டான்னு ஒண்ணை மட்டும் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டிருக்கார். விடு," என்றார்.

குருலிங்கப்பா 2008-ல் போனார். அதற்குப் பிறகும் ரேவாப்பா அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எழுபத்தெட்டு வயதுவரை கேன் மேடைக்கு வந்தார். கேன்கள் போய் டாங்கர்கள் வந்தபின் ஏணியில் ஏறி மூடி திறந்து முகர்ந்தார். அதை நிறுத்தச் சொன்னவள் நீலாம்பிகா. மறுபேச்சு இல்லாமல் நிறுத்தினார்.

எண்பத்திரண்டாம் வயதில் நுரையீரலில் சளி கட்டியது. ஆறு நாள் ஆஸ்பத்திரி. திரையில் ஆக்சிஜன் எண்ணை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். 91. 88. 88. 83. கருவியில் தவறு இருக்கலாம் என்று இரண்டு முறை விரல் மாற்றி மாட்டச் சொன்னாள். தவறு இல்லை. ஐந்தாம் நாள் முகமூடியை விலக்கி, "டாங்கர் வெயில்ல நிக்குதா?" என்று கேட்டார். "இல்லப்பா, ஏத்தியாச்சு," என்றாள். அதுதான் கடைசிப் பேச்சு.

அடக்கத்தன்று ஸ்டேஷன் ரோட்டில் டீக்கடைகள் ஒரு மணி நேரம் மூடியிருந்தன. தஸ்தகீரின் மகன் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "அந்த மிஷினைக் கொண்டுவந்த மனுசன், அக்கா. எங்க அடுப்பு எரியறதே அவராலதான்." தலையாட்டினாள்.

இப்போது முப்பத்தோராம் பக்கம்.

ரேவாப்பாவின் பெயரை அடித்துத் தன் பெயரை எழுதினால் வரி சரியாகிவிடும். ஆனால் அவர் அண்ணனிடம் சொன்னது பொய் என்று ஐயாயிரம் பிரதி அச்சாகும். அப்படியே விட்டால், அவள் பார்த்துக் கையெழுத்துப் போட்ட புத்தகத்தில், தெரிந்தே விட்ட ஒரு தவறு நிற்கும். அப்படி ஒன்று இதுவரை நின்றதில்லை. வெகுநேரம் பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

பெயரை விட்டுவிட்டாள். 'தொலைநோக்கால்' என்ற சொல்லை ஒரே கோட்டில் அடித்தாள். மேலே 'பொறுப்பில்' என்று எழுதினாள். வரியை மறுபடி படித்தாள். வருடம், நாள், அழுத்தம், பெயர், சொல். எல்லாம் சரி.

மறுநாள் நாலு மணிக்கு விருபாட்சன் பக்கங்களைப் புரட்டினான்.

"எண்ணெல்லாம் சரி அக்கா. இது எதுக்கு? தொலைநோக்குன்னா சித்தப்பாவுக்குக் கம்பீரமா இருந்துச்சே."

"பூனாவுல பாத்ததா அவரே சொன்னாரு. பாத்துட்டு வந்து வாங்கினா தொலைநோக்கு இல்ல."

"அதுவும் சரிதான்." பக்கத்தை மூடினான். "பொறுப்புன்னே போடறேன். வேற ஏதாவது இருக்கா?"

"இல்ல. மொத்தம் ஒம்பது திருத்தம். எண்ணிப் பாத்து அச்சுக்குக் குடு."

அவன் அங்கேயே நின்று, விரல்விட்டு எண்ணினான்.